நாலுக்கு மூன்று

களத்துக்கு வெளியே ஓர் ஆள் – 9

சீர்காழியில் ஐஸ் என்றால் பழையாறுதான். துறைமுகத்து விசைப்படகுகளுக்காக ஐஸ் பார் ஏற்றிய வண்டி கடைவீதி வழியாகத் தார்ச்சாலையில் சொட்டிக்கொண்டே போகும். இங்கே ஐஸில் மீன் கிடக்கும். அதன்மேல் மனிதன் நின்று ஓடியதை யாரும் பார்த்ததில்லை. அதனால், 'அடுத்த வாரம் ஐஸ் ஹாக்கி' என்று நான் போட்டதைப் படித்த டீக்கடை நண்பர் ஒருவர், "ஏன் சார், நம்மூர்ல ஆளே கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டார்.

ஆள் இருக்கிறார். அவரைச் சொல்லத்தான் அமெரிக்கா வரை போக வேண்டியிருக்கிறது.

1980-இல் இரண்டு ஒலிம்பிக், இரண்டு ஹாக்கி. பிப்ரவரியில் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் பனித்தளத்தில் ஒன்று; ஜூலையில் மாஸ்கோவில் செயற்கைப் புல்லில் இன்னொன்று. முதலாவதில் தங்கம் வென்ற அணியின் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ். இரண்டாவதில் தங்கம் வென்ற அணியின் கேப்டன், பின்னாளில் இந்திய அணியின் பயிற்சியாளராகவும் ஆன நம் வாசுதேவன் பாஸ்கரன். சென்னை லயோலா கல்லூரிக்காரர்.

புரூக்ஸின் கதை ஓர் அவமானத்தில் தொடங்குகிறது. 1960 குளிர்கால ஒலிம்பிக்குக்கான அமெரிக்க அணியில் கடைசி நேரத்தில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அவர் இல்லாத அந்த அணி தங்கம் வாங்கியது. அடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும், 1964-லும் 1968-லும், இடம் கிடைத்தது; பதக்கம் கிடைக்கவில்லை.

1972-இல் தான் படித்த மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கே தலைமைப் பயிற்சியாளராகப் போனார். தோற்றுத் தோற்றுத் துவண்டு கிடந்த அணி அது. இரண்டே பருவத்தில், 1974-இல், அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதன்முறையாக வாங்கிக் கொடுத்தார். பிறகு 1976, பிறகு 1979. ஏழு பருவத்தில் மூன்று பட்டம்.

யாரை வைத்து? பக்கத்தில் கனடா இருக்கிறது. தேர்ந்த பையன்களை அங்கிருந்து அழைத்து வருவது மற்ற கல்லூரிகளில் வழக்கம். இவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகளையே எடுத்தார். மினசோட்டா ஏரிகளின் நாடு. நம் குளங்கள் ஐப்பசியில் நிரம்பும். அவர்கள் ஏரிகள் மார்கழியில் உறையும். நம் பிள்ளை குளத்தில் நீச்சல் பழகுகிற வயதில் அந்தப் பிள்ளை ஏரிமேல் ஸ்கேட் கட்டி நிற்கப் பழகிவிடுகிறான். கனடா எல்லையோரத்து ரோசோ என்ற சிற்றூர்ப் பையன் நீல் பிராட்டன். 1979 இறுதி ஆட்டத்தில் வடக்கு டகோட்டாவுக்கு எதிராக, தரையோடு தரையாகப் பாய்ந்து வெற்றி கோலைத் தள்ளியவன் அவன்தான். ஸ்கோர் 4-3. இந்த ஸ்கோரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு ஒலிம்பிக் அணி அவர் கைக்கு வந்தது. இருபது பேரில் ஒன்பது பேர் அவருடைய மினசோட்டா மாணவர்கள். நாலு பேர் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள். இந்த இரண்டு கல்லூரிக்கும் 1976 அரையிறுதியில் அடிதடியே நடந்திருக்கிறது, பையன்கள் மறக்கவில்லை. புரூக்ஸ் யாரையும் கைகுலுக்கச் சொல்லவில்லை. இருபது பேருக்கும் பொதுவான எதிரியாகத் தானே ஆகிவிட்டார்.

செப்டம்பரில் நார்வேயோடு ஒரு நட்பு ஆட்டம், 3-3 சமன். பையன்கள் கேலரியில் இருந்த பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அவருக்குக் கோபம். ஆட்டம் முடிந்ததும் கோட்டிலிருந்து கோட்டுக்கு ஓடவிட்டார். அரங்கத்துக்காரர்கள் விளக்கை அணைத்துவிட்டார்கள். இருட்டிலும் ஓட்டம் நிற்கவில்லை. நம்மூர் பி.டி. மாஸ்டர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்: "இதுக்கா சார் தனியா ஒரு கட்டுரை?"

ஒலிம்பிக்குக்கு மூன்று நாள் முன்பு நியூயார்க்கில் சோவியத் அணியிடம் 10-3 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பதின்மூன்றாம் நாள், பிப்ரவரி 22 அன்று, அதே சோவியத் அணியை 4-3 என்று வென்றார்கள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் பாஸ்டன்காரரான கேப்டன் மைக் எருசியோனி அடித்தது கடைசி கோல். அரங்கம் அலறியது, புரூக்ஸ் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அதுதான் இறுதி ஆட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இரண்டு நாள் கழித்து பின்லாந்தை 4-2 என்று வென்ற பிறகுதான் தங்கம் உறுதியானது.

இனி மாஸ்கோ. ஜூலை 29, ஆடிப்பெருக்குக்கு இன்னும் நாலைந்து நாள். எதிரணி ஸ்பெயின். இந்தியா 3-0 என்று முன்னேறி, பிறகு மூச்சுவாங்கி, ஸ்பெயினின் ஹுவான் அமத் மூன்று கோல் போட்டும் எப்படியோ தப்பித்து வென்ற ஆட்டம். சுரிந்தர் சிங் சோதி இரண்டு, கௌசிக் ஒன்று, முகமது ஷாகித் ஒன்று. நாலுக்கு மூன்று. பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக், ஆறே அணிகள் என்று இன்றும் குறை சொல்பவர்கள் உண்டு. உண்மைதான்; தான்சானியாவை 18-0 என்று வென்றதை வீரம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஸ்பெயின் ஆட்டம் சலுகையில் வந்ததல்ல. இந்திய ஆடவர் ஹாக்கிக்கு அது எட்டாவது தங்கம். ஒன்பதாவது இன்னும் வரவில்லை.

அதே போட்டியில் போலந்தோடு 2-2 சமன் செய்தும் பாஸ்கரனின் அணி தங்கத்துக்குப் போனது. இருபது வருடம் கழித்து, 2000-இல் சிட்னி. இப்போது பாஸ்கரன் பயிற்சியாளர். எதிரே மறுபடியும் போலந்து. வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலை. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் போலந்து ஒரு கோல் அடித்தது. அரையிறுதி போயிற்று; ஏழாம் இடம். 2006 உலகக் கோப்பைக்கும் அவர்தான் பயிற்சியாளர். ஜெர்மனியில் பதினோராம் இடம்.

இதை வைத்து அவர் நல்ல கேப்டன், சுமாரான பயிற்சியாளர் என்று முடித்துவிடுவது சுலபம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாற்றங்கால் யாருடையது என்று பார்க்காமல் நடவை மட்டும் குறை சொல்வது டெல்டாக்காரன் பழக்கமில்லை. புரூக்ஸ் தானே விதைத்து ஏழு வருடம் பார்த்த நாற்றைத்தான் லேக் பிளாசிடில் நட்டார். யாரோ வளர்த்த ஆட்டக்காரர்களை வைத்து நியூயார்க் ரேஞ்சர்ஸ் தொழில்முறை அணிக்கு அவர் பயிற்சி கொடுத்தபோது, 1981 முதல் 1985 வரை, கோப்பை வரவில்லை. 2002 ஒலிம்பிக்கில் மறுபடி அமெரிக்க அணியை நடத்தி வெள்ளி வாங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கார் விபத்தில் இறந்தார். வயது 66. நம் தேசியப் பயிற்சியாளருக்கோ முகாமுக்கு முகாம் வந்துபோகும் பையன்கள்தான். தனக்கென்று ஒரு கல்லூரி, ஏழு வருடம் பாஸ்கரனுக்குக் கிடைத்திருந்தால்?

தமிழ்நாட்டில் இன்று அப்படி ஒரு நாற்றங்கால் கோவில்பட்டி. அங்கே வளர்ந்த கார்த்தி, கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில் இருக்கும் அரியலூர்ப் பிள்ளை. 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடி, மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் முதல் கோல் அடித்தான். இறுதி ஆட்டமும் மலேசியாவோடுதான். பாதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா கடைசியில் வென்றது. ஸ்கோரை நான் சொல்ல வேண்டியதில்லை.

அரியலூர் வரைக்கும் வந்துவிட்டது. ஆறு தாண்டினால் நாம்தான். சீர்காழி, வைத்தீஸ்வரன்கோயில், கொள்ளிடம் பக்கத்துப் பள்ளி எதிலாவது ஹாக்கி மட்டைச் சத்தம் கேட்டால் எனக்கு எழுதுங்கள். நேரில் வந்து பார்க்கிறேன்.

(தொடரும்)