ரோபோ வாங்கினால் மட்டும் போதுமா?

உலகின் முதல் தொழிற்சாலை ரோபோவான 'யூனிமேட்', 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் நிறுவப்பட்டது. வார்ப்பு இயந்திரத்திலிருந்து சூடான உலோகப் பாகங்களை வெளியே எடுப்பது அதன் வேலை. முதல் ரோபோவே இன்னோர் இயந்திரத்தைச் சார்ந்துதான் இயங்கியது. ரோபோவின் பொருளாதாரம் இந்த இணைப்பில்தான் இருக்கிறது.

கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரத்துடன் ஒரு ரோபோவை இணைப்பதாகக் கொள்வோம். சுழற்சி நின்று, கதவு முழுமையாகத் திறந்ததற்கான சமிக்ஞை கிடைத்த பிறகே ரோபோவின் கை உள்ளே நுழைய வேண்டும். இயந்திரத்தின் 'சக்' பாகத்தை இறுகப் பற்றிய பிறகே ரோபோ தன் பிடியை விட வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினால் இரண்டும் நிற்க வேண்டும். வரிசை பிசகினால் கையும் இயந்திரமும் மோதிக்கொள்ளும். இவற்றையும் பாதுகாப்பு வேலியையும் வடிவமைத்து நிறுவும் செலவு, பல நேரங்களில் ரோபோவின் விலையையே விஞ்சிவிடுகிறது.

ஒரே பாகத்தை லட்சக்கணக்கில் தயாரிக்கும் பெரிய ஆலைக்கு இச்செலவு பாகமொன்றுக்குச் சில காசுகளாகக் கரைந்துவிடும். இன்று ஐம்பது, நாளை வேறு வகையில் நூறு என்று செய்து தரும் கோவைச் சிறு பட்டறைக்கு அப்படியல்ல. பாகம் மாறுந்தோறும் பிடிகருவியையும் நிரலையும் மாற்ற வேண்டியிருக்கும்.

எனவே, இயந்திரம் வாங்க மானியம் தருவதோடு அரசு நின்றுவிடலாகாது என்பது என் கருத்து. இணைப்புப் பொறியியலைப் பாலிடெக்னிக்குகளில் செய்முறையாகக் கற்பிக்க வேண்டும். பல பட்டறைகள் பகிர்ந்துகொள்ளத்தக்க பொறியாளர் குழுக்களை உருவாக்க வேண்டும். இல்லையேல், மானியத்தில் வாங்கிய ரோபோ பட்டறையின் மூலையில் தூசி படிந்து நிற்கும். கடன் தவணை மட்டும் தவறாமல் வரும்.