இழுக்குது என்றால் என்ன?

மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி ஒன்றின் பன்னிரண்டாம் மாடி என்று வைத்துக்கொள்வோம். இரவுச் சாப்பாடு முடிந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா, அப்படியே நாற்காலியிலிருந்து சரிகிறார். கை கால் ஒருமுறை வெட்டுகிறது. பிறகு வாய் திறந்து, தாடை அசைய, பெரிதாக ஒரு மூச்சு. சில நொடிகள் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு மூச்சு. மகன் 999ஐ அழைக்கிறான். "அடா நாஃபாஸ்?" என்று மறுமுனை கேட்கிறது. மூச்சு இருக்கிறதா? பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "இருக்கு, இருக்கு... இழுக்குது."

இந்தச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஆஸ்துமாக்காரருக்கு வருவது இழுப்பு. காய்ச்சல் முற்றி, கை கால் வெட்டும் குழந்தைக்கு வருவதும் இழுப்பு. கடைசி நேரத்தில் கட்டிலில் கிடக்கும் தாத்தாவைப் பற்றிக் கேட்டால், "இழுத்துக்கிட்டு இருக்கு" என்கிறோம். மூன்றுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு. மகனோ பதற்றத்தில் அதை மலாயில் 'செசாக் நாஃபாஸ்' என்று மாற்றிச் சொல்கிறான். மூச்சுத் திணறல் என்று பொருள். அம்மாவின் சொல்லில் ஒளிந்திருந்த மூன்றாவது அர்த்தம் அந்த இடத்தில் உதிர்ந்துவிடுகிறது. மறுமுனையில் இருப்பவருக்குக் கண் இல்லை, காது மட்டும்தான். அடுத்த ஒரு நிமிடத்தில் அவர் முடிவெடுத்தாக வேண்டும்.

அவசர மருத்துவப் பணியின் சிக்கல்கள் எல்லாம் ஏறக்குறைய இதே வடிவில்தான் வருகின்றன. உறுதியாகத் தெரிந்துகொள்ளும்வரை காத்திருந்தால் நோயாளி போய்விடுவார். தெரியாமலே செய்தால் தவறாகிவிடலாம். ஆகவே அந்தப் பணியில் இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி: இரண்டு பிழைகளில் எந்தப் பிழையை நான் தாங்கிக்கொள்ளலாம்?

நின்ற இதயம், நிற்காத மூச்சு

இதயம் திடீரென்று நிற்கும்போது பெரும்பாலும் அது அசைவற்றுப் போவதில்லை. கீழறைகளின் தசைகள் ஒழுங்கில்லாமல் துடிதுடிக்கின்றன. துடிப்பு இருக்கிறது, ரத்தம் நகர்வதில்லை. 10 முதல் 15 நொடிகளுக்குள் மூளையின் மேற்புறணி வேலையை நிறுத்த, நினைவு தப்புகிறது. ஆக்சிஜன் கிடைக்காத மூளை சில நொடிகள் கை கால்களை வெட்டி இழுக்க வைக்கலாம். அதைப் பார்ப்பவர்கள் வலிப்பு என்றே நினைப்பார்கள்.

மூளையின் அடித்தண்டில் இருக்கும் முகுளம் அவ்வளவு சீக்கிரம் ஓய்வதில்லை. மூச்சின் தாளத்தைப் போடும் சிறு நரம்பணுக் கூட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி ஜாக் ஃபெல்ட்மனின் குழு 1991இல் அதை எலிகளிடம் கண்டறிந்து, 'ப்ரீ-போட்ஸிங்கர்' என்று பெயரிட்டது. பக்கத்துப் பகுதிக்கு ஃபெல்ட்மன் ஏற்கெனவே ஒரு மாநாட்டு விருந்தில் பார்த்த ஜெர்மானிய வைன் பாட்டிலின் பெயரை வைத்திருந்தார், அதை ஒட்டி வந்த பெயர் இது. நாம் பிறந்ததிலிருந்து ஒரு நாளும் ஓயாத தாளத்துக்கு ஒரு மதுப்புட்டியின் பெயர்! ஆக்சிஜன் அற்றுப்போகும்போது இந்தக் கூட்டம் வழக்கமான தாளத்தை விட்டு, நீண்ட இடைவெளியில் ஒரேயடியாக இழுக்கும் பழைய தாளத்துக்கு மாறுகிறது. அம்மா பார்த்தது அதைத்தான்.

மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினருக்கு இப்படி இழுத்தது என்று 1992இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. இழுக்கிறது என்றால் அடித்தண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அப்போதே நெஞ்சை அழுத்தத் தொடங்கினால் இவர்கள்தான் பிழைப்பதற்கு அதிக வாய்ப்புள்ளவர்கள். அதே இவர்களைத்தான் "மூச்சு இருக்கே" என்று சொல்லி, தண்ணீர் தெளித்துக்கொண்டும் தைலம் தேய்த்துக்கொண்டும் வீட்டார் காத்திருப்பார்கள்.

தவறான நெஞ்சை அழுத்திவிட்டால்?

தொலைபேசியில் இருப்பவர் துணிந்து, "தரையில் கிடத்துங்கள், நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்துங்கள்" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு வெறும் மயக்கமாக இருந்துவிட்டால்?

சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுன்டி இதையே ஆராய்ந்தது. இதயம் நிற்காதவர்களின் நெஞ்சைத் தொலைபேசி அறிவுரைப்படி அழுத்தியதால் நேர்ந்தது என்ன என்று 2010இல் கணக்கு வெளிவந்தது. நூற்றில் சுமார் 2 பேருக்கு எலும்பு முறிந்திருந்தது. சிலருக்கு வலி. உள்ளுறுப்புக் காயம் ஒருவருக்கும் இல்லை. மறுபக்கக் கணக்கு இது: இதயம் துடிதுடிக்கும் நிலையில் எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. ஒரு தட்டில் ஒரு விலா எலும்பு, மறுதட்டில் ஓர் உயிர். அதனால்தான் அழைப்பை எடுப்பவர்கள் இரண்டே கேள்விகள் வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் விழிக்கிறாரா? எப்போதும் விடுவதுபோல் மூச்சு விடுகிறாரா? இரண்டுக்கும் இல்லை என்றால் அழுத்தத் தொடங்க வேண்டும்.

கணக்கு எளிது, அதைச் சொல்லும் வாய்க்குத்தான் கடினம். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும், 6 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அதாவது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு. வயதானவர் என்றால் விலா முறியும் சத்தம் கைக்குத் தெரியும். முகம் தெரியாத ஒருவர், ஒரு மகனிடம் அவன் அப்பாவின் நெஞ்சை உடைக்கச் சொல்கிறார். அம்மா "மெதுவாடா" என்று கத்துகிறார். மெதுவாக அழுத்தினால் பயனில்லை என்பதையும் தொலைபேசியில் இருப்பவரே சொல்ல வேண்டும்.

இவ்வளவு முரட்டுத்தனமாகச் செய்தும், நன்கு பயின்ற கைகளே வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குவரைதான் தர முடியும். இதயத்தின் தசைக்கே ரத்தம் போவது கையை அழுத்தும்போது அல்ல, விடும்போது. அந்த ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம் பல தடவை அழுத்திய பிறகே மெல்ல ஏறும், சில நொடி நிறுத்தினால் சரசரவென்று இறங்கிவிடும். கை மாற்ற வேண்டும், அதுவும் 2 நிமிடத்துக்கு ஒருமுறை, இடைவெளி விடாமல்.

பன்னிரண்டு மாடி

மலேசியாவில் போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் 999, தீயணைப்புக்கு 994, பொதுத் தற்காப்புக்கு 991 என்று தனித்தனியாக இருந்த எண்கள் 2007இல் 999 என்ற ஒரே எண்ணாயின. அழைப்பை முதலில் டெலிகோம் மையம் எடுக்கும், பிறகு உரிய துறைக்கு மாற்றும். மகன் கதையை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கலாம். வரும் வண்டி அரசு மருத்துவமனையுடையதாக இருக்கலாம், பொதுத் தற்காப்புப் படை, செயின்ட் ஜான், செம்பிறைச் சங்கம் ஆகியவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம். மருத்துவமனை வண்டியில் வருபவர் பெரும்பாலும் மருத்துவர் அல்ல, எம்.ஏ. எனப்படும் மருத்துவ உதவியாளர். இவர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1977இல் வந்தது. நம் பாட்டன்மாருக்கு இவர் 'டிரசர்'. தோட்டத்து ஆஸ்பத்திரியில், யாரைக் கட்டுப் போட்டு லயத்துக்கு அனுப்புவது, யாரைக் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவது என்று தனியாக முடிவெடுத்த அதே டிரசர்.

வண்டி கீழே வந்துவிட்டது என்பதால் உதவி வந்துவிட்டதாகாது. தடுப்புக் கம்பம் உண்டு, அட்டை தட்டினால்தான் நகரும் லிப்ட் உண்டு, ஸ்ட்ரெச்சர் படுக்கையாக நுழையாத லிப்டும் உண்டு. கனடாவின் டொரோண்டோ வட்டாரத்தில் 2016இல் வந்த ஆய்வின்படி, இதயம் நின்றவர்களில் மூன்றாம் மாடிக்குக் கீழே இருந்தோரில் 4.2 விழுக்காட்டினர் பிழைத்தனர். மூன்றாம் மாடியிலும் மேலேயும் அது 2.6 விழுக்காடு. 16ஆம் மாடிக்கு மேல் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 25ஐத் தாண்டினால் ஒருவரும் இல்லை. வானத்தைப் பார்த்து வளரும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இந்த எண்கள் கசப்பானவை. காவலர் ஒருவர் லிப்டைக் கீழேயே பிடித்து வைத்திருந்தால், அவரும் அந்தச் சிகிச்சையில் ஒரு கை.

மேலே வந்த எம்.ஏ.வுக்கு அடுத்த சிக்கல். "தூக்குங்க தம்பி, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!" என்கிறது வீடு. தூக்கினால் அழுத்துவது நிற்கும். லிப்டில், படிக்கட்டில், திருப்பங்களில் அது நின்று நின்று தொடரும். ஆகவே முதல் நிமிடங்களுக்குச் சரியான இடம் வரவேற்பறைத் தரைதான். பக்கத்து வீட்டுக்காரரின் கைபேசியோ, "வந்து பத்து நிமிஷம் ஆச்சு, இன்னும் தூக்கலை" என்று பதிவு செய்துகொண்டிருக்கிறது. அவர் பார்வையில் அக்கறை என்பது ஓட்டம், எம்.ஏ.வுக்கு அது அசையாமல் மண்டியிட்டிருப்பது.

உள்ளே போவதற்கு முன்னும் ஒரு கேள்வி இருக்கிறது: இடம் பாதுகாப்பானதா? முதலில் பயிற்றுவிக்கப்படும் விதி இதுதான், கேட்க மிகச் சுயநலமாகத் தோன்றுவதும் இதுதான். 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீஃபீல்டு மாரியம்மன் ஆலயக் கலவரத்தின்போது, தீயணைப்புத் துறையின் அவசர மருத்துவ மீட்புப் பிரிவு வீரர் முகம்மது அடிப் பணியில் படுகாயமடைந்து டிசம்பர் 17இல் இறந்தார். வாசலில் நிற்கும் குழுவைக் கோழைகள் என்று ஏசுவதற்கு முன் அந்த இளைஞரை நினைத்துக்கொள்ளலாம்.

எப்போது கையை எடுப்பது?

மலேசியா உட்பட ஏழு ஆசிய நாடுகளில் 2009 முதல் 2012 வரை நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், பிழைத்து வீடு திரும்பியோர் நாட்டுக்கு நாடு 0.5 முதல் 8.5 விழுக்காடு. விழுந்தவரின் நெஞ்சை அருகிலிருந்தவர் அழுத்தியது 10.5 முதல் 40.9 விழுக்காடு. அதாவது பெரும்பாலான வீடுகளில் முடிவு ஒன்றுதான். எல்லா அளவுகோலும் இனி நம்பிக்கை இல்லை என்று காட்டியபின் அங்கேயே நிறுத்த கனடா போன்ற நாடுகளில் விதிகள் உண்டு. ஆசியாவின் பல இடங்களில் ஆம்புலன்ஸ் குழுவுக்கு அந்த அதிகாரம் இல்லை. அப்போது ஃபெடரல் நெடுஞ்சாலையில் பாயும் வண்டிக்குள், பெல்ட் போடாமல் நின்றபடி, பயன் இராது என்று தெரிந்தும் ஒருவர் அழுத்திக்கொண்டிருப்பார். குடும்பத்துக்காகவா, நோயாளிக்காகவா? செய்வதாகக் காட்டுவது பொய். செய்யாமல் விடுவது, கதவருகே நிற்கும் மனைவிக்குக் கொடுமை. இந்தப் பிழைகளை எடைபோட எந்த ஆய்வும் தராசு தருவதில்லை. தூங்கப் போகும்போது அவரவர் மனசுதான் எடைபோடுகிறது.

தொலைபேசியில் இருந்தவர் இது எதையும் பார்ப்பதில்லை. கதவு திறக்கும் சத்தம், காலடிகள், "தள்ளுங்க, தள்ளுங்க" என்ற குரல், பிறகு இணைப்பு துண்டிக்கப்படும். அப்பா பிழைத்தாரா என்பது அவருக்குத் தெரியாமலே போகலாம். அடுத்த அழைப்பு ஏற்கெனவே மணியடித்துக்கொண்டிருக்கும்.

அது நம் வீட்டு அழைப்பானால், அவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. "இழுக்குது" என்று சொல்லி நிறுத்தாமல் இன்னும் ஒரு வரி சொல்லலாம்: "கூப்பிட்டா முழிக்கல. எப்பவும் மாதிரி மூச்சு விடல." எந்தப் பிழையை ஏற்பது என்று அவர் தயங்கும் அந்த ஒரு நிமிடம் மிச்சமாகும்.