அண்ணன் மாநிறம், தங்கை கறுப்பு: காரணம் என்ன?

தீபாவளிக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் கூட்டம் அலைமோதும். அங்கு வரும் குடும்பங்களைக் கவனியுங்கள். அண்ணன் மாநிறமாக இருப்பார், தங்கை நல்ல கறுப்பாக இருப்பார். ஒரே பெற்றோரின் பிள்ளைகளுக்குள் ஏன் இந்த வேறுபாடு?

குடைபோல் ஒரு நிறமி

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. மெலனோசைட் என்னும் செல்கள் அதைத் தயாரிக்கின்றன. கறுப்பாக இருப்பவருக்கும் ‘சிவப்பாக’ இருப்பவருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை உண்டாக்கும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறு. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் டிஎன்ஏவைச் சிதைக்காமல் மெலனின் குடைபோல் காக்கிறது.

நிறத்தைத் தீர்மானிப்பவை பல மரபணுக்கள். அவற்றுள் ஒன்று எஸ்எல்சி24ஏ5. அதில் ஒரே ஓர் ‘எழுத்து’ மாறினாலும் மெலனின் குறையும். ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியர்களின் தோல் நிறத்தை அளந்தனர். இந்தியர்களிடமும் ஐரோப்பியர்களிடமும் உள்ள இந்த மாற்றம் ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்று 2013இல் அந்த ஆய்வு காட்டியது.

ஒவ்வொரு மரபணுவிலும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி நமக்குக் கிடைக்கிறது. அவர்களிடம் உள்ள இரண்டில் எது வரும் என்பது தற்செயல். அதனால்தான் உடன்பிறந்தவர்களுக்குள்ளும் நிறம் மாறுகிறது.

கிரீமில் ஒளிந்திருக்கும் ஆபத்து

2020இல் ஒரு பிரபல கிரீமின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல் நீக்கப்பட்டது. ஆனால், “பொண்ணு கொஞ்சம் கறுப்பு” என்ற பேச்சு நம் கல்யாண வீடுகளில் இன்னும் நீங்கவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைகள் வெளுப்பாக்கும் கிரீமைத் தேடுகிறார்கள்.

அத்தகைய சில கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது. மெலனின் உருவாகத் தேவையான டைரோசினேஸ் நொதியை அது தடுப்பதால் நிறம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கிறது. துண்டு, தலையணை வழியாக வீட்டுக் குழந்தைகளையும் எட்டலாம்.

மலேசியாவில் அழகுப் பொருள்களில் பாதரசம் சேர்க்கத் தடை உண்டு. மீறும் பொருள்களைப் பற்றி பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் (என்பிஆர்ஏ) எச்சரிக்கை வெளியிடுகிறது.

மாணவர்களே, வாங்கும் முன் பொருளின் பெயரை என்பிஆர்ஏ இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயரோ சேர்மானப் பட்டியலோ இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். மெர்க்குரி, கலோமெல் என்ற பெயர்கள் இருந்தாலும் அப்படியே.

கிரீம் மரபணுவை மாற்றாது. பூசுவதை நிறுத்தினால் பழைய நிறம் திரும்பிவிடும். பழுதான சிறுநீரகத்துக்கு அந்த உறுதி இல்லை.