கூரைப்புடவை எடுக்கப் போன கதை

கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று என்றால், மேளத்துக்கும் பந்தலுக்கும் முன்னால் பேச்சுக்கு வருவது புடவைதான். வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியிலும் இந்த விதிக்கு விலக்குக் கிடையாது. அங்கே நமக்கு வேண்டிய மாப்பிள்ளை வீட்டார் கூரைப்புடவை எடுக்கக் கிளம்பியபோது நம்மையும் உடன் அழைத்தார்கள். விலை பேச ஓர் ஆண்பிள்ளை, பை தூக்க ஓர் ஆண்பிள்ளை; இரண்டு உத்தியோகமும் நமக்கே கிடைத்தன.

மாப்பிள்ளையின் தாயார் மூன்று வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அவரது இடுப்புச் சுருக்குப் பையில் இருந்தது. வழியெல்லாம் அவர் கை அந்தப் பையை விட்டு நகரவில்லை.

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்ததும் கோபுரம் தெரிந்தது. ஆண்டாள் தம் விவாகத்தைக் கனவாகக் கண்டு பாடிய 'வாரணமாயிரம்' நினைவுக்கு வந்தது. அதில் மணமகளுக்குக் கோடி உடுத்தி மாலை சூட்டுகிறவள் மாப்பிள்ளையின் தங்கையான துர்க்கை. நாத்தனார் கையால் கூரை உடுத்துவது பல குடும்பங்களில் இன்றும் உண்டு. நம்முடன் வந்த மாப்பிள்ளையின் அக்காளும் அந்த அதிகாரத்தோடுதான் முன்னால் நடந்தாள்.

நாம் நுழைந்த கடையின் பெயர் வேண்டாம். அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக ஒரு புடவையை விரித்தார்கள். மணப்பெண்ணின் முகம் மலர்ந்தது. விலையைக் கேட்டதும் வாடிற்று. "மதினி, இது வேண்டாம், ரொம்ப விலை" என்று மெல்லச் சொன்னாள்.

"அசல் பட்டம்மா, முத்திரை இருக்கிறது பாருங்கள்" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. 2004-ஆம் வருஷத்தில் மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் ஏற்பட்ட 'சில்க் மார்க்' அந்தப் புடவையில் தொங்கிற்று. ஆனால் அந்த முத்திரை பட்டுக்குத்தான் ஜாமீன், ஜரிகைக்கு அல்ல. விலையில் பெரும் பங்கை விழுங்குவதோ ஜரிகை!

அசல் ஜரிகையின் நடுவில் சிவப்புப் பட்டு நூல் இருக்கும். அதன்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசுவார்கள். நகத்தால் சுரண்டினால் உள்ளிருக்கும் சிவப்பு எட்டிப் பார்க்கும். மட்ட ஜரிகையில் செம்பு தெரியும். அதற்கும் மட்டமானதில் வெறும் பிளாஸ்டிக் இழைதான். பட்டையும் இப்படிச் சோதிக்கலாம்: ஓர் இழையைக் கொளுத்தினால் மயிர் கருகிய வாசனை வந்து, சாம்பல் பொடியாக உதிரும். செயற்கை நூலானால் உருகி மணிபோல் உருண்டுவிடும்.

அக்காள் முந்தானை ஓரத்தில் தொங்கிய ஜரிகை இழை ஒன்றை எடுத்துச் சுரண்டினாள். செம்பு! கடைக்காரர் விசிறியின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். நாம் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினோம்.

(1942-ல் அலகாபாத்தில் நடந்த இந்திராவின் விவாகத்தில் அவர் உடுத்தியது, தந்தை நேரு சிறையில் நூற்ற நூலில் நெய்த கதர்ப்புடவை. இதை நாம் சொன்னபோது, "அந்த அப்பா நூற்றுக் கொடுத்தார்; நீங்கள் நூற்பீர்களா?" என்று அக்காள் கேட்டாள். அப்புறம் நாம் வாய் திறக்கவில்லை.)

அடுத்த கடைக்காரர், "இது பாதி ஜரிகை, இது முழு ஜரிகை" என்று தாமே பிரித்து வைத்தார். கடைசியில் எடுத்தது சிறு கரை போட்ட கோர்வைப் புடவை. உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, சேருமிடத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் நெசவு அது. தறியில் நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து கரை நாடாவை எறிய வேண்டும். ஜரிகை கொஞ்சம்தான், இருந்ததெல்லாம் அசல்.

சீட்டுப் பணத்தில் கொஞ்சம் மிஞ்சிற்று. தாயார் அதை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். "நம்ம சுந்தரபாண்டியத்துத் தறிச் சேலை ஒன்று எடுப்போம். கூரை பெட்டிக்குள்ளே போய்விடும். இதைத்தானே பிள்ளை தினமும் கட்டப் போகிறாள்?" என்றார். அந்த நூல் சேலைக்கு மட்டும் பெண் விலை கேட்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டே புதுப்பட்டி வரைக்கும் வந்தாள்.