நிலத்தின் மதிப்பு பல லட்சம்... கையில் காசில்லை! நீதிமன்றக் கட்டணத்துக்கு என்ன வழி?

தாம்பரத்தைச் சுற்றியுள்ள மாடம்பாக்கம், அகரம்தென், முடிச்சூர், படப்பை பகுதிகளில், ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் பல இன்று சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படுகின்றன. அப்படிப்பட்ட நிலத்தை யாராவது ஆக்கிரமித்துவிட்டால், மீட்கப்போகும் விவசாயிக்கு முதல் தடை நீதிமன்றக் கட்டணம்தான். நிலத்தின் விலை ஏற ஏற, கட்டணமும் ஏறும்.

எவ்வளவு கட்ட வேண்டும்?

தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 1955-ல் வந்தது. அதன்படி, நிலத்தின் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கும் வழக்குக்குச் சந்தை மதிப்பை வைத்துக் கட்டணம் கணக்கிடப்படும். முன்பு 100 ரூபாய்க்கு 7.50 ரூபாயாக இருந்தது, 2017-ல் 3 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 20 லட்சம் ரூபாய் நிலத்துக்கு 60,000 ரூபாய். பாகப்பிரிவினை வழக்கில், சொத்து இன்னும் கூட்டு அனுபவத்தில் இருந்தால் சதவிகிதக் கணக்கு கிடையாது. நிர்ணயித்த சிறு கட்டணம் போதும்.

வக்கீல் வைக்காமல் தன் வழக்கைத் தானே நடத்த எவருக்கும் உரிமை உண்டு. ஆனால், அதில் மிச்சமாவது வக்கீல் ஃபீஸ் மட்டுமே. நீதிமன்றக் கட்டணம் குறையாது.

வழக்கு நிலம் கணக்கில் வராது

‘நிலம் வைத்திருப்பவர் ஏழையா?’ என்ற கேள்விக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 33 பதில் சொல்கிறது. கட்டணம் கட்ட வசதியில்லாதவர், ‘வறியவர்’ என்று மனு செய்து, கட்டணம் கட்டாமலே வழக்கு நடத்தலாம். நீதிமன்ற வட்டாரத்தில் இதை ‘பாப்பர் மனு’ என்பார்கள். வசதியைக் கணக்கிடும்போது, வழக்கில் இருக்கும் நிலத்தைச் சேர்க்கக் கூடாது. ஜப்தி செய்ய முடியாத ஏர்க்கருவி, உழவு மாடு, விதைநெல், விவசாயி குடியிருக்கும் வீடு போன்றவையும் சேராது.

மனுவில் மற்ற சொத்துகளை மறைக்காமல் எழுத வேண்டும். மனு செய்வதற்கு முந்தைய 2 மாதங்களுக்குள் ஏமாற்றும் நோக்கில் சொத்தைக் கைமாற்றியிருந்தால், மனு தள்ளுபடியாகும். இது முழுமையான விலக்கும் அல்ல. வழக்கில் ஜெயித்தால், அந்தக் கட்டணத்தை அரசு வசூலித்துக்கொள்ளும். தோற்றால், மனுதாரரையே கட்டச் சொல்லி உத்தரவு வரும்.

இலவச சட்ட உதவி

1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லாமல் வக்கீல் உதவி கிடைக்கும். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. இந்த உதவியில் நீதிமன்றக் கட்டணமும் அடங்கும். தாம்பரம் விவசாயிகள் வட்ட சட்டப் பணிகள் குழுவையோ, செங்கல்பட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ அணுகலாம். கட்டணமில்லாத தொலைபேசி எண்: 15100. பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றின் நகல்களோடு செல்வது நல்லது.

கட்டிய பணம் திரும்ப வருமா?

வரும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். இரு தரப்பும் வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, சமரசத்தைப் பதிவு செய்யும் நாளிலேயே கட்டணத்தைத் திரும்பக் கேட்டும் மனு கொடுத்துவிட வேண்டும்.