கடைசி ஏழு விநாடி

இரவு மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. நான் மட்டும் ஜப்பானில் யாரோ ஈபேயில் ஏலம் போட்ட பழைய லென்ஸின் படத்தை, போனில் விரலால் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேடுவது ஒரே ஒரு சிவப்புக் கோடு!

சங்கதி இதுதான். லென்ஸ், அசாஹி கம்பெனியின் சூப்பர் தக்குமார் 50 எம்.எம். எஃப் 1.4. 1964-இல் வந்த முதல் வகையில் எட்டுக் கண்ணாடி; பின்னால் வந்ததில் ஏழு. ஏழில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, வருஷம் ஆக ஆக டிகாக்‌ஷன் மாதிரி பழுப்பேறும். (புற ஊதா விளக்கடியில் சில நாள் வைத்தால் வெளுக்கும். அது தனிக்கூத்து.) வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் அகச்சிவப்புக் கதிருக்கான அந்தக் குட்டிச் சிவப்புக் கோடு, லென்ஸின் மேல் பொறித்திருக்கும் ‘4’-க்கு வலப்பக்கம் இருந்தால் எட்டு. இடப்பக்கம் என்றால் ஏழு. மவுசு எட்டுக்குத்தான். விற்கிறவர் அதைக் கவனிக்காமல் போட்டிருந்தால் லாட்டரி!

வலப்பக்கம்தான். கை நடுங்குகிறது.

விவரிப்பையும் படிக்கிறேன். மேலே ‘நியர் மின்ட்’, அதாவது ஏறக்குறையப் புதுசு, என்று கொட்டை எழுத்து. நாலு பத்தி தள்ளி, ‘லேசாகப் பூஞ்சை, படத்தைப் பாதிக்காது’ என்று ஒரு முணுமுணுப்பு. கல்யாணத் தரகர் தோற்றார், போங்கள்!

ஈபேயில் நம் உச்சவிலை ரகசியம். நான் 120 டாலர் போட்டாலும், அடுத்த ஆளின் உச்சம் 61 என்றால் விலை 62-இல்தான் நிற்கும். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ஏலம் முடியப்போகும்வரை வாயே திறக்கமாட்டார்கள். கடைசி விநாடிகளில் குதிப்பார்கள். ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். ஜப்பானின் யாஹூ ஏலத்தில் இந்த வித்தை பெரும்பாலும் பலிக்காது. கடைசி ஐந்து நிமிஷத்தில் விலை ஏறினால் இன்னும் ஐந்து நிமிஷம் நீளும்.

ஏழு விநாடி. 120. அமுக்கிவிட்டேன். 62... 88... திரை ஒருமுறை சிமிட்டியது.

122.50. போச்சு! யாரோ எனக்கும் பின்னால் பதுங்கியிருந்திருக்கிறார்.

அடுத்த ஒன்று ஞாயிறு இரவு முடிகிறது. சிவப்புக் கோட்டு ரகசியத்தை உங்களிடம் உளறித் தொலைத்துவிட்டேன். தயவுசெய்து அன்றைக்குச் சீக்கிரம் தூங்கிவிடுங்கள்.