இந்தியாவில் குடிமைப் பயன்பாட்டு ட்ரோன்கள்: விதிகளும் பயன்பாடுகளும்

முன்னுரை

தொலைவிலிருந்து இயக்கப்படும் ஆளில்லா வானூர்தி பொதுவழக்கில் ட்ரோன் எனப்படுகிறது. படைத்துறைக்கே உரியதாகக் கருதப்பட்ட இக்கருவி இன்று வேளாண்மை, நில அளவை, மருத்துவம் ஆகிய துறைகளிலும் பயன்படுகிறது. இந்தியாவில் இதனை நெறிப்படுத்தும் விதிகள் எந்த அடிப்படையில் அமைந்துள்ளன என்பதையும், அவ்வடிப்படை பயன்பாட்டிற்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தடையிலிருந்து இசைவுக்கு

2014 அக்டோபரில் வெளியான பொது அறிவிப்பு, குடிமக்கள் ட்ரோன் இயக்குவதைத் தடை செய்தது. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த நெறிமுறைகள் முன்இசைவு பெற்றே பறக்கவிட வேண்டும் என்றன. 2021 மார்ச்சில் வந்த விதிகள் சில மாதங்களே நிலைத்தன. அவற்றுக்கு மாற்றாக 2021 ஆகஸ்ட் 25 அன்று ட்ரோன் விதிகள் அறிவிக்கப்பட்டன. இவற்றால் படிவங்கள் 25இலிருந்து 5ஆகவும், கட்டண வகைகள் 72இலிருந்து 4ஆகவும் குறைந்தன.

எடையும் வான்வெளியும்

இவ்விதிகள் ட்ரோன்களை எடை அடிப்படையில் ஐந்தாக வகுக்கின்றன: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியவை, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேற்பட்டவை பெரியவை. வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன்இசைவு தேவையில்லை; விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் இவ்வரம்பு 200 அடி. சிவப்பு மண்டலத்தில் பறக்க மத்திய அரசின் இசைவு வேண்டும்.

பயன்பாடுகள்

2020இல் தொடங்கப்பட்ட சுவாமித்வா திட்டம், ஊரகக் குடியிருப்பு நிலங்களை ட்ரோன் வழி அளந்து உரிமை ஆவணம் வழங்குகிறது. 2021இல் தெலங்கானாவின் விகாராபாதில் மருந்துகளும் தடுப்பூசிகளும் ட்ரோன் மூலம் சோதனை முறையில் கொண்டுசெல்லப்பட்டன. 2023இல் ஒப்புதல் பெற்ற நமோ ட்ரோன் தீதி திட்டம், 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 80 விழுக்காடு மானியத்தில், 8 இலட்சம் ரூபாய் உச்சவரம்புடன் தெளிப்பு ட்ரோன்கள் வழங்க வகைசெய்தது. தொலைநிலை இயக்குநர் சான்றிதழுக்குக் கடவுச்சீட்டு கட்டாயம் என்னும் நிபந்தனை அதே ஆண்டில் தளர்த்தப்பட்டது ஊரக மக்களுக்குத் துணைசெய்தது.

விதிகளின் எல்லை

எடைவழிப் பகுப்பு, விழுதல், மோதல் ஆகிய இடர்களை அளக்க ஏற்றது. ஆயின் ட்ரோனால் விளையும் தீங்குகள் யாவும் எடையைச் சார்ந்தவை அல்ல. நானோ ட்ரோனுக்கு இயக்குநர் சான்றிதழும் மூன்றாம் தரப்புக் காப்பீடும் தேவையில்லை. எனினும் அதில் பொருத்தப்பட்ட ஒளிப்படக் கருவி அடுத்த வீட்டு முற்றத்தை எளிதில் பதிவுசெய்யும். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. இருப்பினும், 2018ஆம் ஆண்டு நெறிமுறைகளில் இடம்பெற்ற அந்தரங்கப் பாதுகாப்புப் பொறுப்பு 2021 ட்ரோன் விதிகளில் தனி விதியாக இடம்பெறவில்லை. தெளிப்பு ட்ரோனிலும் இதே நிலை காணப்படுகிறது. காற்றில் பரவி அண்டை வயலை அடையும் பூச்சிக்கொல்லி, வான்பாதுகாப்பு சார்ந்த இடர் அன்று. அதற்கு வேளாண் அமைச்சகத்தின் தனி வழிகாட்டு நெறிமுறையே வழிகாட்டுகிறது.

முடிவுரை

2021 விதிகள் கட்டுப்பாடுகளைத் தளர்த்திப் பயன்பாட்டைப் பரவலாக்கின. அவை வானூர்தியின் எடையையும் பறக்கும் இடத்தையும் அளவுகோலாகக் கொண்டனவேயன்றிப் பறப்பதன் நோக்கத்தைக் கொள்ளவில்லை. எடையோடு பயன்பாட்டு நோக்கத்தையும் பகுப்பின் அடிப்படையாக்குவதே, வானிலுள்ள கருவிக்கும் தரையில் வாழ்வோரின் உரிமைக்கும் இடையே சமநிலை காணும் வழியாகும்.